கிழக்குப் பக்கத்துக் கடைசித் தட்டி

மகனே,

நீ அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. உள்ளே உன் கல்யாணப் பத்திரிகை, மேட்சுக்கு இரண்டு நாற்காலி பாஸ், அப்பாவுக்கு ஒரு வேலை. மூன்றையும் ஒரே உறையில் அடக்கிவிட்டாயே, உன் சாமர்த்தியத்தை என்ன சொல்ல! நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. நீ சிதம்பரத்தில் நன்றாகத்தான் இருப்பாய். நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு என்ன குறை? இந்தக் கடிதத்தை நான் ஒட்டாமல் அனுப்புகிறேன். கொண்டுவருகிற உன் அத்தை மகன் முருகேசன் படிக்கட்டும். உன் கமிட்டிக்காரர்கள் படிக்கட்டும். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் படிக்கட்டும். ஊரறிய நடந்ததை மூடி மறைத்து எழுத எனக்கு என்ன தலையெழுத்து? வாயால் சொன்னால் வேறு மாதிரி வரும், அது உனக்கே தெரியும். மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் இது, பேனாவைத் தொட்டால் இப்படித்தான் வருகிறது.

உன் கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். மஞ்சக்குப்பத்து மைதானத்தில் இந்த வருஷப் புட்பால் பந்தயத்துக்கு வெளியூர் காண்ட்ராக்டர் அடைத்த கீற்றுத் தட்டிகள் முதல் காற்றுக்கே சாய்ந்துவிட்டன, அப்பா கட்டினால்தான் நிற்கும், கயிறோடு வரச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அடுத்த வரியில், பைனல் அன்றைக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், நீங்களும் முன்வரிசையில் வந்து உட்காருங்கள், ஆனால் சத்தம் மட்டும் போட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் இரண்டு தரம் படித்தேன். உன் அப்பா கவனிக்கவில்லை. "பையன் என்னியக் கேட்டு எழுதியிருக்கான் பாரு"ன்னு அந்த மனுஷன் எழுந்து போய்ப் பரணில் இருந்த கயிற்றை இறக்கி உதறிக்கொண்டிருந்தார். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தக் கயிறு உனக்கு மறந்திருக்காது. கரைவலை இழுக்கிற கயிறு. மைதானத்துக்கு அந்தக் காலத்தில் சுவரும் கிடையாது, கோடும் ஒழுங்காகக் கிடையாது. பந்தயம் வந்தால் நம் தேவனாம்பட்டினத்திலிருந்து உன் அப்பா தோளில் அந்தக் கயிற்றைப் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார், ஊரே பின்னால் நடக்கும். நாலு பக்கமும் கழி நட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டால் அதுதான் எல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஆடுகிற பிள்ளைகள். கிழக்குப் பக்கம் முழுக்க நம் ஊர்தான். மீன் விற்றுவிட்டு நேராக வருகிற பெண்பிள்ளைகள் நாங்கள் முன்னால் நிற்போம். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உன்னை நிறுத்தி, உன் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன். கூடை ஈரம் உன் பாதத்தில் பட்டுக்கொண்டே இருக்கும், நீ ஒரு நாளும் அதற்காக அழுததில்லை. பந்து நம் பக்கம் வந்துவிட்டால் மட்டும் என் தலைமயிரைப் பிடித்து இழுப்பாய்.

நம் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினால் உன் அப்பா "ஏலேலோ..." என்று ஆரம்பிப்பார். அத்தனை பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஐலசா!" என்போம். கனம் ஏற ஏறத்தான் அந்தக் குரல் ஏறும். வெறும் வலையை இழுக்கிறவன் எவனும் பாட மாட்டான். பந்து கோலுக்குப் பக்கத்தில் போகும்போது மெய்யாகவே வலையில் பெருமீன் மாட்டின கனம் எங்கள் கையில் இருக்கும், கயிறு பின்னால் வரும், கழி ஆடும். எதிர்க்கட்சியில் கோல் காக்கிற கோலிக்கு அந்தச் சத்தத்திலேயே பாதி உயிர் போய்விடும். பரங்கிப்பேட்டை டீமில் ஒரு பாய், நல்ல கோலி, ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "யக்கா, பந்தக்கூட புடிச்சிருவேன், உங்க சத்தத்தப் புடிக்க முடியலக்கா"ன்னு சொன்னார். அவருக்கு அன்றைக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. வெளியூர் டீம்கள் எல்லாம் அப்போது நம் வீடுகளில்தானே தங்கினார்கள்? எதிரி என்று மைதானத்தில் கத்திவிட்டு, வீட்டுக்கு அழைத்து வந்து கொடுவா மீன் குழம்பு ஊற்றுவோம்.

நாங்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ எழுதுவாய். நெல்லிக்குப்பத்து மில்காரர்களோடு ஆடியபோது கொடி பிடித்தவர் ஆப்சைடு என்று சொன்னாரே, நல்ல கோலை அழித்தாரே, அவர் சட்டைமேல் மீன் கழுவின தண்ணீரை ஊற்றியது நான்தான். வெள்ளைச் சட்டை. பாவம், ரயிலில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நீ அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாய். "அம்மா, இப்படி இருந்தா டீசன்ட்டான ஆளுங்க எப்படிம்மா வருவாங்க?" என்று கேட்டாய். அன்றைக்கு என் கூடைமேல் நின்றுகொண்டு கைதட்டிச் சிரித்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உன்னைச் சிதம்பரத்துக் காலேஜில் சேர்த்தபோது ஊரில் எனக்குத் தலை கால் புரியவில்லை. படித்து முடித்து அங்கேயே ஒரு சோப்புக் கம்பெனியின் ஏஜென்சியில் சேர்ந்தாய். சைக்கிளில் கடை கடையாய்ப் போனவன் சீக்கிரமே மோட்டார் சைக்கிளில் வந்தாய். பிறகு பந்தயக் கமிட்டிக்குச் செயலாளர் ஆனாய். நம் ஊர்ப் பிள்ளை செயலாளர் என்று உன் அப்பா கடற்கரையில் சொல்லாத ஆள் கிடையாது, படகு கிடையாது, நாய் கிடையாது. நீ வந்து உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினாய். "பந்து வாங்க வேணாமா? பசங்களுக்கு பூட்ஸ் வேணாமா? எத்தினி நாளுக்கு வெறுங்கால்ல ஆடுவானுங்க? கம்பெனி குடுக்கறேங்குது, வாங்கிக்கினா என்னா தப்பு?" நீ சொன்னதில் நியாயம் இருந்தது. முருகேசன் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ஆடினதை நானே பார்த்தேன், நானே மஞ்சள் வைத்துக் கட்டினேன். உன் அத்தை மகனுக்குப் பூட்ஸ் வந்தால் எனக்கு வலிக்குமா? கம்பெனி பெயரைக் கோப்பைக்கு வைத்தாய், சரி என்றோம். துணியில் சோப்புப் படம் எழுதிக் கட்டினாய், சரி என்றோம். போன வருஷம், "அப்பா, வழக்கம்போல ஆளுங்களோட கயிறு எடுத்துக்கினு வாங்க, இந்தத் தரம் வேலை கொஞ்சம் ஜாஸ்தி" என்றாய். அதற்கும் சரி என்றோம்.

வேலை என்ன என்றால், மைதானத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கீற்றுத் தட்டி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காற்றுக்கு மறைப்பு என்று உன் அப்பா தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். பந்து காற்றில் திரும்பிப் போகாமல் இருக்க நம்ம பையன் யோசித்திருக்கிறான் என்றார். தட்டி கட்டுவதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். உள்ளே ஒருவன் கயிற்றை வாங்கி இழுத்துக் கொடுக்க வேண்டும், வெளியே இருப்பவன் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு காற்று வருகிற பக்கம்தான் விழ வேண்டும் என்பது கடல்காரன் பழக்கம். நமக்குக் காற்று கிழக்கே. அதனால் கிழக்குப் பக்கம் முழுவதையும் நம் ஆட்கள் வெளியே நின்று கட்டினார்கள். ஒரு கீற்றுக்கும் அடுத்த கீற்றுக்கும் நடுவே ஒரு ஈர்க்குச்சி நுழையாது, அத்தனை நெருக்கம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நாங்கள் சொந்தக் கயிற்றில் வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து உன் அப்பா சொன்னது என்ன தெரியுமா? "புயலடிச்சாலும் அசையாது, எழுதி வச்சிக்க."

முதல் மேட்ச் அன்றைக்குக் கூடையும் கையுமாகப் போனோம். வாசலில் டிக்கெட். அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை, மடியை அவிழ்த்துக்கொண்டு வரிசையில் நின்றோம். தரை டிக்கெட் முழுக்கச் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்த மாணவர்களுக்குப் போய்விட்டது. சினிமா நடிகர் ஒருவர் பந்தயத்தைத் தொடங்கி வைக்க வருகிறார் என்று நோட்டீஸ் அடித்தாயே, பின்னே கூட்டத்துக்குக் கேட்பானேன்? நாற்காலி டிக்கெட் இருந்தது. சரி, அதைத்தான் கொடு என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த பையன் என்னைப் பார்த்தான், என் கூடையைப் பார்த்தான். "அது ஆபீசருங்க பேமிலியா வர்ற எடம்மா. வாடை அடிக்கும்" என்றான். வாடை அடிக்கும்! அந்த வாடையில்தான்டா நீ பி.ஏ. படித்தாய்.

நான் அங்கேயே அவனைக் கிழித்திருப்பேன். உன் அப்பாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "சும்மா இரு. நம்ம பையன்தான செகரட்டரி? நமக்குன்னு கெழக்கால ஒரு எடம் வுட்டிருப்பான், வா" என்றார். தட்டியோரமாக நடந்தோம். அவர் தட்டியை ஒரு கையால் தடவிக்கொண்டே முன்னால் போகிறார், ஊர் பின்னால் போகிறது, கயிறு தோளில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கிழக்குப் பக்கம் முடிந்து தெற்கே திரும்பினோம். தெற்கே முடிந்து மேற்கே திரும்பினோம். சுற்றி வந்து வாசலுக்கே வந்துவிட்டோம். அப்போதும் அந்த மனுஷன், "தெரியாம தாண்டி வந்திருப்போம்" என்று மறுபடி ஒரு சுற்றுப் போனார். இந்தத் தடவை யாரும் கூடப் போகவில்லை. தனியாகப் போனார். தான் கட்டிய வேலியில் மகன் தனக்காக விட்ட வழியைத் தேடிக்கொண்டு போனார். இடுப்பில் கத்தி இருந்தது. ஒரு முடிச்சை அறுத்தால் போதும். அறுக்கவில்லை. "அவன் பேர் கெட்டுடும்" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

உள்ளே நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள். முருகேசன் ஆடுகிறான். நாங்கள் ரோட்டில் நின்று கேட்கிறோம். கேட்டு என்ன தெரியும்? ஒரு கைதட்டல் வருகிறது. நாம் போட்ட கோலா, நமக்கு விழுந்த கோலா? தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி தட்டுகிறார்கள் உன் ஜனங்கள், கச்சேரியில் தட்டுவது மாதிரி. புளியமரத்தில் ஏறிய ஒருவனைப் போலீஸ்காரர் இறக்கிவிட்டார். ஒரு கோல் விழுந்து அது யாருடையது என்று தெரியாமல் நின்றேனே, அந்த நேரத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். சிரிக்கவா அழவா என்று ஒரு மனுஷிக்குத் தெரியாமல் போவதைவிட என்ன கேவலம் இருக்கிறது?

அதைவிடக் கேவலத்தையும் நீ வைத்திருந்தாய். இடைவேளையில் ஸ்பீக்கர் செட் கரகரத்தது. "ஏலேலோ..." என்று ஒரு குரல். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாடகக்காரர்களைக் கூட்டிவந்து, லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டவிட்டு, இல்லாத வலையை இழுக்க வைத்து, "அழுக்கு போகுது ஐலசா, வெளுத்துப் போச்சு ஐலசா" என்று சோப்புக்குப் பாட வைத்தாய். உள்ளே கைதட்டல், விசில், மறுபடி பாடு என்று கூச்சல். அந்தக் குரல் வந்ததும் உன் அப்பாவின் வாய் தன்னால் திறந்தது. பழக்கம். திறந்தது அப்படியே மூடிக்கொண்டது. ஊரான் வீட்டு நெய்யே என்று நீ பரிமாறினாய், ஆனால் அது ஊரான் வீட்டு நெய் இல்லையடா, உன் அப்பன் தொண்டை. அந்தச் சத்தம் எங்களுக்கு எப்படி வரும் என்று அந்த நாடகக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாங்கள் பாடினால் டீசன்ட் இல்லை, கூலிக்காரன் பாடினால் டீசன்ட். எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை.

ஆட்டம் முடிந்து நம் பிள்ளைகள் தோற்று வெளியே வந்தார்கள். முருகேசன் காலில் உன் கம்பெனி பூட்ஸ், நன்றாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றான். "எங்க அத்த போனீங்க எல்லாரும்? மேல ஏறும்போதெல்லாம் கெழக்கால பாக்கறேன், ஒரு குரல் இல்ல. நம்மள வுட்டுட்டாங்கன்னு நெனச்சிக்கினேன். கால் ஓடல அத்த" என்றான். தட்டிக்கு வெளியே எட்டடி தூரத்தில் நின்றோம் என்று சொன்னேன். "அப்ப கத்தியிருக்கலாமே?" என்றான். அவன் கேட்டது சரிதான். எதைப் பார்த்துக் கத்துவது? நீ உன் நாற்காலிகளை எண்ணி அடுக்கச் சொல்லிக்கொண்டு உள்ளே இருந்தாய். எங்களைத் தேடி வெளியே வரவில்லை. 

நிச்சயத்துக்குச் சிதம்பரம் வந்தபோது உன் மாமனார் நல்லபடியாகத்தான் பேசினார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நீ வேலை பார்க்கிற ஏஜென்சிக்கே முதலாளியாக இருந்தும் எழுந்து நின்று கும்பிட்டார். "புட்பால்னா எங்களுக்கு உசுரு சம்பந்தி. போன வருஷம் உங்க ஊர்ல கடல்காரங்க பாட்டு போட்டாங்க பாருங்க, பிரமாதம்! அதுக்காகவே இந்த வருஷமும் வர்றோம்" என்றார். "நீங்க எந்த டீமு?" என்று கேட்டேன். "எந்த டீமா இருந்தா என்னங்க? நல்லா ஆடுறவன் ஜெயிக்கணும்" என்றார். நல்ல மனுஷன். ஆனால் நல்லா ஆடுறவன் ஜெயிப்பதைப் பார்க்க எதற்கு மைதானத்துக்கு வர வேண்டும்? மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாமே. தன் பக்கம் தோற்கும்போதும் தொண்டை கிழியக் கத்துகிறோமே, அதற்குத்தானே அங்கே போய் வெயிலில் நிற்பது? நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அந்தப் பாட்டு யாருடையது என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன். நீ காபியை ஆற்றிக்கொண்டிருந்தாய்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம், அதனால் சொல்கிறேன். உன் பெண்டாட்டியிடம் உன் மாமனார் மாதிரி இருந்துவிடாதே. நல்லா ஆடுகிற பக்கம் நிற்பேன் என்று பெண்டாட்டியிடம் நிற்க முடியாது. அவளுக்குச் சமைக்க வராத நாளும் வரும், உனக்கு வேலை போகிற நாளும் வரும், பிள்ளை ஜுரத்தில் கிடக்கிற நாளும் வரும். அன்றைக்கு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கைதட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அது குடும்பம் இல்லை. அவளுக்கு உன் குரல் கேட்க வேண்டும். தட்டிக்கு வெளியே நிற்கிறாயா, வீட்டுக்கே போய்விட்டாயா என்று அவள் தேடும்படி வைத்துவிடாதே. இதை நான் உன் அப்பாவிடம் கற்றேன். அவர் ஒரு கோல் போட்டதில்லை, ஒரு ஆட்டத்தில் இறங்கினதில்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

இனி நீ கேட்டதற்குப் பதில். கல்யாணத்துக்கு வருவோம். மண்டபத்தில் நீ சொல்கிற இடத்தில் உட்காருவோம், பட்டுப்புடவை கட்டிக்கொள்வேன், சத்தம் போட மாட்டேன். அது உன் நாள். தட்டி கட்டுகிற விஷயத்தில் நான் உன் அப்பாவோடு சண்டை போட்டுப் பார்த்தேன். "போவாத. அவன் காண்ட்ராக்டரே கட்டட்டும், காத்துல பறக்கட்டும்" என்றேன். "புள்ள கேட்டுட்டான், எப்படி இல்லேங்கிறது?" என்கிறார். இந்த மனுஷனோடு வாழ்ந்து நான் என்னத்தைக் கண்டேன், போ. வருவார். கயிறோடு வருவார். வடக்கிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவார். கிழக்குப் பக்கம் நாம் நிற்கிற இடத்துத் தட்டியை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

போன வருஷம் உள்ளே நின்று கயிற்றை வாங்கி இழுத்துக் கொடுத்தது முருகேசனின் அப்பா. அவர் இந்த வருஷம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு யாரும் வரவும் மாட்டார்கள், ஊரில் நான் கேட்டுவிட்டேன். கூலிக்கு ஆள் வைக்காதே, அந்த இழுப்பு அவர்களுக்கு வராது, காற்றுக்குத் தட்டி நிற்காது. உனக்கு வரும். சின்ன வயதில் அவரோடு நின்று வலை இழுத்தவன் நீ. ஆகவே அந்தக் கடைசித் தட்டிக்கு உள்ளே நீ நில். அவர் வெளியிலிருந்து கயிற்றை விடுவார். தட்டி மூடுகிறவரை இடுக்கில் அவர் முகம் உனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இழு. உனக்குக் கை வந்து அதை நீ இழுத்து முடித்துவிட்டால், பைனல் அன்றைக்கு உன் முன்வரிசை நாற்காலியில் நானும் வந்து வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன்.

கவிழ்த்த கூடையை இன்னும் எறியாமல் வைத்திருக்கிற,
உன் அம்மா